மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் செயலாளர் மாமா போன் செய்து, "உங்களுக்குத்தான் லேபரட்டரி அனுபவம் இருக்கே, ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்றார். "எதைப் பற்றி?" என்று கேட்டேன். "தைராய்டு பற்றிப் பேசுங்கோ. நம்ம கிளையிலே பாதி மாமிகள் அந்த மாத்திரைதான் சாப்பிடறா" என்றார். மாமாக்களும் சாப்பிடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் 1981 முதல் 2012 வரை 31 வருஷம் ரத்தப் பரிசோதனை செய்தவள். அதோடு 2004 முதல் நானே தைராய்டு நோயாளி. ஆகவே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்த அனுபவம் உண்டு. இரண்டு பக்கமும் உட்கார்ந்தும் நான் செய்த தவறைத்தான் இன்று சொல்லப்போகிறேன். யாருடைய மாத்திரையின் அளவையும் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லமாட்டேன். அது உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம் அல்லவா?

2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், இந்தியாவின் 8 பெரிய நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய நூற்றுக்குப் 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. எனவே இது நம் குடும்பங்களுக்கு மட்டும் வந்த சாபம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தைராய்டு கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் ஒரு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன்தான் உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், வறண்ட தோல், மறதி, உடம்பு கனப்பது என்று ஒவ்வொன்றாக வரும். "வயசாயிடுத்து" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் காரணம், உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் இதை விவரித்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

ஒரு காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயது நோயாளிப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்த அம்மாள் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார். "ஐயையோ, ஆடா!" என்று சிலர் முகம் மாறுவது தெரிகிறது. பயப்படாதீர்கள். இன்று நாம் சாப்பிடும் லெவோதைராக்ஸின் ரசாயன முறையில் தயாரிக்கப்படுவது. நம் சுரப்பி செய்ய வேண்டிய அதே பொருள்தான். உடம்புக்கு அந்நியமானது அல்ல.

இப்போது டி.எஸ்.ஹெச். என்ற எண்ணுக்கு வருவோம். குழப்பமெல்லாம் இங்கேதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சாதம் குறைந்தால், பந்தி விசாரிக்கும் மாமா சமையற்கட்டைப் பார்த்து, "சாதம் கொண்டாங்கோ" என்று குரல் கொடுப்பார். சாதம் வந்துவிட்டால் குரல் அடங்கும். வராவிட்டால் குரல் ஏறும், கடைசியில் பந்தல் அதிரக் கத்துவார். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அந்த மாமா. தைராய்டு, சமையற்கட்டு. டி.எஸ்.ஹெச். என்பது மாமாவின் குரல். அது சாதம் அல்ல! எண் அதிகமானால் மாமா கத்துகிறார், அதாவது ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். எண் மிகவும் குறைந்தால், இலையில் சாதம் வழிகிறது, மாமா வாயைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

இது தெரியாமல் மாதுங்காவில் இருக்கும் என் மன்னி பட்ட பாடு இருக்கிறதே! ஒரு நாள் போனில், "ரிப்போர்ட்ல 14ன்னு வந்திருக்குடி. தைராய்டு ஏகமா ஏறிடுத்து. அதான் மாத்திரையைப் பாதியா உடைச்சு சாப்பிட ஆரம்பிச்சுட்டேன்" என்றாள். அளவைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைத்துவிட்டாள். அடுத்த பரிசோதனையில் 31. முகம் வீங்கி, குரல் கரகரத்து, பூஜை அறையில் உட்கார்ந்தபடியே தூங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் டாக்டரிடம் போனாள். எண் ஏறினால் மருந்து போதவில்லை, எண் இறங்கினால் மருந்து அதிகம். இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடுத்தவர் கதையைச் சொல்வது சுலபம். இனி என் கதை.

2004-ல் எனக்கு 52 வயது. டாக்டர் 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார். "வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள்" என்றார். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலை 5 மணிக்கு எழுந்து, டிகாக்ஷன் இறங்கியிருக்கும் ஃபில்டரைத் திறந்து, பாலைக் காய்ச்சி, முதல் வாய் காபியோடு மாத்திரையை விழுங்குவேன். டிபன் சாப்பிடாத வயிறு வெறும் வயிறுதானே? காபியை நம்மில் யார் ஆகாரத்தில் சேர்க்கிறோம்? 2006-ல் எலும்புக்காகக் கால்சியம் மாத்திரையும் வந்தது. மறக்காமல் இருக்க எல்லாம் ஒரே டப்பா, எல்லாம் ஒரே வாய்.

டி.எஸ்.ஹெச். 9 என்று வந்தது. 75 ஆக்கினார்கள். மறுபடி 8. 100 ஆக்கினார்கள். 2008-ல் 125. அதன் பிறகு எண் 4-க்குள் அடங்கியது. எல்லோருக்கும் திருப்தி. டாக்டர், "மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுரப்பி அநேகமாக முழுவதும் ஓய்ந்துபோனவர்களுக்கே, எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம்தான் தேவை. என் எடை 62 கிலோ. கணக்குப் போட்டால் 100. எனக்கு எப்படி 125 தேவைப்படும்? தினமும் கணக்கிலேயே புழங்கியவள், என் விஷயத்தில் அந்த ஒரு பெருக்கலைப் போடவில்லை.

நடந்தது இதுதான். காபி, இந்த மருந்து குடலில் ஏறுவதைக் குறைக்கும். கால்சியம் மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே விடாது. 125 சாப்பிட்டாலும், ரத்தத்தில் சேர்ந்தது அதில் ஒரு பங்குதான். மீதி வீண்.

2012-ல் ஓய்வு பெற்று பெங்களூரில் இருக்கும் பெண்ணின் ஆத்துக்குப் போனேன். அவளுக்கும் தைராய்டு குறைவு உண்டு. இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அவள் ஆத்தில் ஒழுங்கு வேறு. கட்டில் பக்கத்தில் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும். எழுந்ததும் மாத்திரை, பிறகு நடை. திரும்பி வந்த பிறகுதான் காபி. ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் அப்படியே செய்தேன். கால்சியத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினாள். எல்லாம் சரியான வழக்கம்தான். ஆனால் மாத்திரையின் அளவு மட்டும் அதே 125. இப்போது முழுவதும் உள்ளே ஏற ஆரம்பித்தது. பரிசோதனை செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன வருஷம்தான் ரிப்போர்ட் சரியாக இருந்ததே!

ஐந்து மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன். 2013 தை மாதம் ஒரு கல்யாணத்தில், "என்ன ரகசியம், சொல்லுங்கோளேன்" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான். கை லேசாக நடுங்கியது, தூக்கம் குறைந்தது. ஊர் மாற்றம் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்து வந்த மூன்றாம் நாள் இரவு, மார்புக்குள் குருவி அடைபட்ட மாதிரி ஒரு படபடப்பு. நாடியைப் பிடித்துப் பார்த்தால் தாளமே இல்லை. ஒன்று இரண்டு வேகமாக, பிறகு ஒரு இடைவெளி, மறுபடி நாலைந்து. மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நிலை. அதில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். என் டி.எஸ்.ஹெச். 0.05.

அந்த நாலு நாளும் என் பெண் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நம்மாத்துக்கு வந்துதானே இப்படி ஆச்சு" என்று அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் தவறு இதில் என்ன இருக்கிறது? அவள் ஆத்து வழக்கம்தான் சரி. என் பழைய வழக்கம்தான் தவறு. வழக்கத்தை மாற்றியவள் அளவைச் சரிபார்க்கவில்லை என்பதுதான் குற்றம். பெங்களூர் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "முன்னால் காபி எப்போது குடிப்பீர்கள்?" ஒன்பது வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி.

அளவை 100-க்கும், பிறகு 75-க்கும் குறைத்தார். இதயம் தன் தாளத்துக்குத் திரும்பியது. இன்றுவரை 75-தான். சென்ற முறை டி.எஸ்.ஹெச். 2.6.

மருந்து அதிகமானால் இதயத்துக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் கேடு. குறிப்பாக மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு கரையும். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் செய்த தொடர் ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் டி.எஸ்.ஹெச். மிகவும் தாழ்ந்தவர்களுக்குப் பத்து வருஷத்தில் இந்த இதயக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 1994-ல் வெளியிட்டார்கள். ஆகவே இளைப்பதற்காக ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளும் பெண் குழந்தைகளுக்குச் சொல்கிறேன்: அது இளைப்பு அல்ல, உடம்பைக் கொளுத்திக் குளிர்காய்வது.

என் அனுபவத்தில் தெரிந்துகொண்ட விதிகளை இப்போது சொல்கிறேன்.

முதலாவது, நேரம். மாத்திரை தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, பால், டிபன் எதுவும் கூடாது. நம் பெரியவர்களின் நித்ய கர்மா இதற்கென்றே வகுத்தது போல் இருக்கிறது. எழுந்ததும் மாத்திரை, பிறகு ஸ்நானம், சந்தியாவந்தனம், அதன் பிறகு காபி. ஒரு மணி நேரம் தானே ஓடிவிடும். சந்தியாவந்தனத்தை விட்டவர்கள் மாத்திரையை உத்தேசித்தாவது மறுபடி ஆரம்பிக்கலாம்! கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் மருந்து ஏறுவதைப் பாதிக்கலாம். அதைப் புதிதாக ஆரம்பித்தாலோ நிறுத்தினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். காலை காபியைத் தள்ளிப்போட முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுமை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அளவை மாற்றினால் ரத்தத்தில் புதிய நிலை படிய ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். "பத்து நாள் ஆச்சு, அசதி போகலையே" என்று இன்னும் கால் மாத்திரை சேர்க்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை, பிறகுதான் அடுத்த முடிவு. மாற்றமும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று சிறிய படிகளாகத்தான் செய்வார்கள். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் ஆரம்பமே 12.5 அல்லது 25 ஆக இருக்கும். டாக்டருக்குக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். பல நாள் கட்டிப் போட்ட மாட்டை எழுப்பி ஒரேயடியாக ஓட்டக் கூடாது என்பதுதான் காரணம். நிலைத்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை போதும் என்பார்கள். ஆனால் எடை மிகவும் மாறினாலோ, கம்பெனி மாறினாலோ, புது மருந்து சேர்ந்தாலோ, என்னைப் போல் வழக்கம் மாறினாலோ, ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை அவசியம்.

மூன்றாவது, என் தொழில் சம்பந்தப்பட்டது. டி.எஸ்.ஹெச். ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். இரவிலும் விடியற்காலையிலும் அதிகம், மத்தியானம் குறைவு. எனவே எப்போதும் காலையில், ஒரே லேபில், அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். இன்னொன்று, முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது சில பரிசோதனை முறைகளைக் குழப்பி, டி.எஸ்.ஹெச்.-ஐ இல்லாத அளவுக்குக் குறைத்துக் காட்டும். மருந்து அதிகம் என்று தவறாக முடிவு செய்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும்.

நாலாவது, பெண்ணைப் பெற்றவர்களுக்கு. 2009-ல் என் பெண் கர்ப்பமானபோது, உறவில் ஒரு பெரியவர், "கர்ப்பத்துல இங்கிலீஷ் மருந்தே ஆகாது" என்றார். அவளும் நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் நாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலையே டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரையைத் தொடங்கச் சொன்னதோடு, அளவையும் கூட்டினார். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் சுரப்பி வேலையை ஆரம்பித்திருக்காது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். அதனால் ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் கூட்டுவார்கள். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 என்பது ஒரு சுலபமான கணக்கு. கல்யாணமான உடனேயே, "அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும்?" என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் பழைய அளவுக்கு இறங்கி, ஆறு வாரத்தில் பரிசோதனை. அந்தப் பேரனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறான்.

ஐந்தாவது, மருந்தைப் பாதுகாப்பது. நம் ஊர் மே மாதம் 45 டிகிரியைத் தொடும். ஜன்னல் ஓரத்திலும், அடுப்பு மேடையிலும், காரிலும் குப்பியை வைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. குப்பியில் கிடைப்பதைக் குப்பியிலேயே வைத்து மூடுங்கள்.

உரைக்குப் பின் சபையில் கேட்ட சில கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன். மற்ற நகரங்களில் இந்த இதழைப் படிப்பவர்களுக்கும் இதே சந்தேகங்கள் இருக்கலாம்.

"ஏகாதசி உபவாசத்தில் மாத்திரை சாப்பிடலாமா?" தாராளமாக. விரதத்தைக் கெடுக்காதவை என்று சாஸ்திரம் எண்ணிச் சொல்லும் எட்டில் ஔஷதமும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. சிராத்த நாளில் சாப்பிடத் தாமதமாகும் என்றாலும் காலை மாத்திரையை விட வேண்டாம்.

"ஒரு நாள் மறந்துவிட்டால்?" அன்றைக்கே ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் இரண்டாகச் சாப்பிடச் சொல்வதும் உண்டு. மருந்து மெதுவாகக் குறைவதால் வாரக் கணக்கு சரியாக இருந்தால் போதும். ஆனால் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

"கோஸ், காலிஃப்ளவர் கூடாதாமே?" நாம் வேகவைத்துக் கறி செய்து சாப்பிடும் அளவால் ஒன்றும் ஆகாது. அயோடின் உப்பையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கஸ்வாமி குழுவினர் தொடங்கிய ஆய்வுதான், உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறையும் என்று நம் நாட்டில் நிரூபித்தது.

"எனக்கு 78 வயது, டி.எஸ்.ஹெச். 6. மாத்திரை அவசியமா?" வயது ஏற ஏற இந்த எண் சற்று உயர்வது இயல்பு. 65 வயதைத் தாண்டியவர்களிடம், லேசான குறைவுக்கு மருந்து கொடுத்தும் அசதி முதலிய தொந்தரவுகளில் பலன் தெரியவில்லை என்று 2017-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே, "இது எனக்கு உண்மையில் தேவையா?" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

"யோகாசனம் செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?" யோகாசனம் செய்யுங்கள். மாத்திரையையும் சாப்பிடுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ஆத்துக்குப் போனதும் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள். மாத்திரை எத்தனை மணிக்கு, காபி எத்தனை மணிக்கு, மற்ற மாத்திரைகள் எத்தனை மணிக்கு. அடுத்த முறை டாக்டரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுங்கள். வழக்கம் தவறு என்று தெரிந்தால் நாளைக்கே மாற்றுங்கள், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கவும் தேதி குறித்துக்கொள்ளுங்கள். நான் அந்தத் தேதியைக் குறிக்காததால்தான் ஒரு நள்ளிரவில் என் மாப்பிள்ளை வண்டியை எடுக்க வேண்டி வந்தது.

 வெளியே காபி தயாராக இருக்கிறது. சாயங்கால வேளை, தாராளமாகக் குடிக்கலாம்.

நமஸ்காரம்.